எடைச்சீட்டும் சிக்னலும்: ஒரு நண்டு வியாபாரத்துக்குத் தரவுத்தளம் எதற்கு, வலையமைப்பு எதற்கு?

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் இருந்து வணிகவியல் இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அப்பா நண்டும் கணவாயும் வாங்கிக் கம்பெனிக்கு அனுப்புகிறார். பாம்பன் தெற்குவாடி, மண்டபம், தங்கச்சிமடம் என்று மூன்று இடங்களில் எடை போடுகிறார்கள். கணக்கு மூன்று நோட்டுகளிலும், அண்ணனின் லேப்டாப்பில் உள்ள ஓர் எக்செல் கோப்பிலும் இருக்கிறது. கல்லூரிப் பாடத்தில் 'தரவுத்தளம்' ஓர் அத்தியாயமாகவும் 'தொலைத்தொடர்பு வலையமைப்பு' இன்னோர் அத்தியாயமாகவும் வருகின்றன. இவை எங்கள் தொழிலுக்கு எப்படிப் பொருந்தும், எல்லாவற்றையும் கிளவுடில், அதாவது இணையம் வழியாகப் பயன்படுத்தும் வெளியூர்க் கணினியில், போட்டுவிட்டால் போதுமா என்று கேட்கிறார்.

தம்பி, பாடநூல் இவற்றை இரண்டு அத்தியாயங்களாகப் பிரித்து வைத்திருப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். ஒருமுறை எழுதி 'பதிந்துவிட்டேன்' என்று சொன்னபிறகு அது காணாமல் போகாது, பாதியாகக் கிடக்காது என்று உறுதி தருவது தரவுத்தளத்தின் வேலை. வலையமைப்பால் அப்படிப்பட்ட உறுதியைத் தர முடியாது. அனுப்பியது போய்ச் சேரலாம், தாமதமாகச் சேரலாம், சேராமலும் போகலாம். உங்கள் தொழிலில் எடை ஓரிடத்தில் நடக்கிறது, பணம் வேறோர் இடத்தில் கைமாறுகிறது, படகுக்காரர்களுக்குக் கடனாகக் கொடுத்த முன்பணத்தின் கணக்கு வீட்டில் இருக்கிறது. ஆகவே உறுதி தர முடியாத ஒன்றின் வழியாக உறுதியான கணக்கை நடத்தியாக வேண்டும். வணிகத் தகவல் முறைமை என்று பாடநூல் சொல்வதை நான் இப்படித்தான் புரிந்து வைத்திருக்கிறேன்.

முதலில் நோட்டைப் பார்ப்போம். இந்தக் கரையில் பல வியாபாரிகளின் எடை நோட்டுகளைப் புரட்டியிருக்கிறேன். பக்கத்தின் ஓரம் உப்புத்தண்ணீரில் நனைந்து காய்ந்து, தொட்டால் அப்பளம்போல் நொறுங்கும். பால்பாயிண்ட் மை ஈரத்தில் படர்ந்து 3 எது, 8 எது என்று தெரியாமல் இருக்கும். 'அந்தோணி 32' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'எஸ். அந்தோணி 18', மறுநாள் பக்கத்தில் 'அந்தோணி த.மடம் 11'. இவர்கள் மூன்று பேரா, இரண்டு பேரா, ஒரே ஆளா என்பது எடை போட்டவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டால் அந்த நோட்டைப் படிக்க ஆளில்லை. எக்செல் கோப்பிலும் இதே சிக்கல்தான் தொடர்கிறது; எழுத்து மட்டும் தெளிவாகியிருக்கிறது.

1970ஆம் ஆண்டு, ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற கணிதவியலாளர் உறவுமுறைத் தரவு மாதிரியை முன்வைத்தார். இன்று உலகின் பெரும்பாலான வணிகக் கணக்குகள் அதன்மீதுதான் ஓடுகின்றன. தரவு கணினியின் உள்ளே எங்கே, எந்த வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது பயன்படுத்துகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. எல்லாம் அட்டவணைகளாக இருக்கட்டும். ஓர் அட்டவணைக்கும் இன்னோர் அட்டவணைக்கும் உள்ள தொடர்பை அவற்றில் உள்ள மதிப்புகளே காட்டட்டும் என்பது அதன் சாரம். ஒவ்வொரு வரிக்கும், அதை மற்றவற்றிலிருந்து ஐயமின்றிப் பிரித்துக் காட்டும் ஓர் அடையாளம் வேண்டும். அதைப் பிரைமரி கீ என்றும் முதன்மைத் திறவுகோல் என்றும் சொல்வார்கள். ஊரில் நான்கு அந்தோணிகள் இருந்தாலும் 'ஆள் எண் 27' ஒருவர்தான். எடை அட்டவணையில் பெயரை எழுதாமல் 27 என்று எழுதினால் அது அயல் திறவுகோல். அவருடைய பெயரும் போன் எண்ணும் ஆள் அட்டவணையில் ஒரே ஓரிடத்தில் மட்டும் இருக்கும். போன் எண் மாறினால் ஒரே ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

இதைச் சொல்லும்போது பலரும் படகின் பதிவெண்ணையே ஆளின் அடையாளமாக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். டிஎன் 10 எம்எம் என்று தொடங்கும் எண் படகின் முகப்பில் பெயின்டில் எழுதியிருக்கிறதே, அது இரண்டு படகுக்கு ஒன்றாக இருக்காதே என்பது அவர்கள் வாதம். கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் படகு விற்கப்படும். விற்றால் பதிவெண் படகோடு போகும். நீங்கள் கொடுத்த முன்பணம் பழைய உரிமையாளரின் பெயரிலேயே நிற்கும். பதிவெண்ணை வைத்துக் கடனை எழுதியிருந்தால், புதிதாக வாங்கியவர் முதல் நாள் நண்டோடு கரைக்கு வரும்போது, அவர் வாங்காத கடனை அவருடைய எடையில் பிடித்துவிடுவீர்கள். ஆகவே நண்டு படகைச் சேர்ந்தது, கடன் ஆளைச் சேர்ந்தது. இந்த இரண்டையும் இணைக்க, எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை எந்தப் படகு யாருடையது என்று மூன்றாவதாக ஓர் அட்டவணை வேண்டும். தரவுத்தள வடிவமைப்பு என்று பெரிதாகச் சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் இந்த வகையான யோசனைதான். இதை எந்த மென்பொருளும் உங்களுக்காக யோசித்துத் தராது. தொழில் தெரிந்த உங்கள் அப்பாவும் பாடம் தெரிந்த நீங்களும் ஓர் இரவு உட்கார்ந்து பேசினால் வந்துவிடும்.

இயல்பாக்கம் என்ற தலைப்பில், ஒரு செய்தியை இரண்டு இடத்தில் எழுதாதே என்று படித்திருப்பீர்கள். அதை மந்திரமாகப் பிடித்துக்கொண்டு ஒரு தவறு செய்வார்கள். நண்டின் அன்றைய விலை ஒரு விலை அட்டவணையில் இருக்கிறது, எடை வரியில் திரும்ப எதற்கு என்று விட்டுவிடுவார்கள். பிறகு யாராவது விலை அட்டவணையைத் திருத்தினால், போன மாதம் கொடுத்து முடித்த பணமும் கணக்கில் மாறிவிடும். இன்றைய சந்தை விலை என்பது ஒரு செய்தி. அன்று காலை இவரோடு பேசி முடித்த விலை என்பது வேறொரு செய்தி. இரண்டும் ஒரே எண்ணாக இருப்பது தற்செயல். பேசி முடித்த விலையை எடை வரியிலேயே எழுதுங்கள்.

படகையும் தேதியையும் ஒழுங்காக எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கடலில் பிடித்த மீனை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்ய 2010ஆம் ஆண்டில் இருந்து பிடிப்புச் சான்றிதழ் தேவைப்படுகிறது. அதனால் உங்களிடம் வாங்கும் கம்பெனி 'இது எந்தப் படகு, எந்த நாள்' என்று திருப்பிக் கேட்கும். அப்போது மூன்று நோட்டுகளைப் புரட்டுவதா, ஒரே கேள்வியில் விடை எடுப்பதா என்பது இந்த அட்டவணைகளைப் பொறுத்தது.

அடுத்து பரிவர்த்தனை. ஒருவர் 40 கிலோ கொண்டுவருகிறார், கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 16,000. அதில் முன்பணத்துக்கு 4,000 பிடித்துக்கொண்டு 12,000 கையில் கொடுக்கிறீர்கள். இது கணக்கில் மூன்று பதிவு. 4,000 பிடித்தது பதிவாகி, எடை பதிவாகும் முன் கரண்ட் போய்விட்டால், கணக்கில் இல்லாத நண்டுக்குக் கடன் கழிந்திருக்கும். மூன்றும் சேர்ந்து பதிய வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் பதியக்கூடாது. இதை அணுத்தன்மை என்பார்கள். தரவுத்தளம் இதை எப்படிச் சாதிக்கிறது என்பதை நம் பழைய கணக்குப்பிள்ளைகளிடமே பார்க்கலாம். அவர்கள் நடப்பதை நடந்த வரிசையில் முதலில் சிட்டையில் எழுதுவார்கள். பேரேட்டில் பெயர்வாரியாக ஏற்றுவது பிறகுதான். பேரேடு பாதியில் நின்றாலும் சிட்டையைப் பார்த்துத் தொடரலாம். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் முதலிய தரவுத்தளங்களும் ஏறக்குறைய இதையே செய்கின்றன. மாற்றத்தை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதி அதை வட்டில் உறுதி செய்தபின்தான் 'முடிந்தது' என்று சொல்லும். இடையில் கணினி அணைந்தால், மறுபடி எழும்போது அந்தப் பதிவேட்டைப் படித்து, முடிந்தவற்றை ஏற்றும், முடியாதவற்றை விலக்கும்.

ஒரே நேரத்தில் இருவர் கை வைப்பது இன்னொரு சிக்கல். ஒருவருடைய முன்பண பாக்கி 50,000. அவருடைய ஒரு படகு பாம்பனிலும் இன்னொன்று மண்டபத்திலும் கரை சேர்கின்றன. பாம்பனில் 4,000 பிடிக்கிறார்கள், மண்டபத்தில் 3,000. இரு இடத்திலும் திரையில் 50,000 என்றுதான் தெரிந்தது. ஒருவர் 46,000 என்று எழுத, அடுத்தவர் அதன்மேல் 47,000 என்று எழுதிவிடுகிறார். உண்மையான பாக்கி 43,000. ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவரை நிறுத்திவைக்கும் பூட்டு முறை தரவுத்தளங்களில் உண்டு. ஆனால் உங்கள் அளவுக்கு அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது: பாக்கியை எழுதவே எழுதாதீர்கள். கொடுத்தது, பிடித்தது என்ற வரிகளை மட்டும் எழுதுங்கள். பாக்கி எவ்வளவு என்று கேட்கும்போது அந்த வரிகளைக் கூட்டிக் கழித்துச் சொல்லட்டும். பற்று வரவு எழுதத் தெரிந்த எவருக்கும் இது புதிதில்லை.

இனி வலையமைப்பு. தெற்குவாடியில் விடிகாலையில் எடை போடுகிறவரின் கையில், பாலித்தீன் உறைக்குள் ஒரு போன் இருக்கிறது. அவர் 'அனுப்பு' என்று தொட்டதும், செய்தி பொதிகளாகக் கட்டப்பட்டு ரேடியோ அலையில் டவருக்குப் போகிறது. டவரில் இருந்து கண்ணாடி இழையிலோ நுண்ணலை இணைப்பிலோ நிறுவனத்தின் மைய வலையமைப்புக்கும், அங்கிருந்து ரவுட்டர் மாற்றி ரவுட்டராக சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் சர்வர் என்ற மையக் கணினிக்கும் போகிறது. ஒவ்வொரு ரவுட்டருக்கும் முழு வழியும் தெரியாது. அடுத்து எங்கே கொடுப்பது என்பது மட்டும் தெரியும்.

மும்பை அவ்வளவு தூரமாயிற்றே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். இழை 1,500 கிலோமீட்டர் சுற்றிப் போகிறது என்று வைத்தாலும் ஒரு பக்கத்துக்கு ஆயிரத்தில் ஏழரை பங்கு வினாடிதான். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாகப் போனால்தான், கேட்டு விடை வர அரை வினாடிக்கு நெருங்கிவிடும். அளவும் உங்களுக்குச் சிக்கலில்லை. ஓர் எடைப்பதிவு, தமிழ்ப் பெயரோடு சேர்த்து, 300 பைட்டுக்குள் அடங்கும். ஒரே பொதியில் போய்விடும். நண்டுப் பெட்டியைப் படமெடுத்து அனுப்பினால் அந்த ஒரு 3 எம்பி படம் 10,000 எடைப்பதிவுகளுக்குச் சமம். ஆகவே 'வேகமான நெட் வாங்கினால் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களைத் தடுக்கப்போவது கரைக்கும் டவருக்கும் இடையே உள்ள அந்தச் சில நூறு மீட்டர், கச்சான் காற்றில் போகும் கரண்ட், எல்லாப் படகும் ஒன்றாகக் கரை சேரும் நேரத்தில் ஒரே டவரில் முட்டிக்கொள்ளும் போன்கள்.

பொதி தொலைந்தால் மறுபடி அனுப்புவதற்கு டிசிபி என்ற நெறிமுறை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். விண்ட் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974இல் முன்வைத்த வடிவமைப்பில் இருந்து வளர்ந்தது அது. இணையம் இன்றும் பெரும்பாலும் அதை நம்பித்தான் நடக்கிறது. பொதிகளுக்கு எண் போடும், கிடைத்ததற்கு ஒப்புதல் கேட்கும், வராததைத் திரும்ப அனுப்பும். ஆனால் இணைப்பே அறுந்துபோனால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது அனுப்பியவருக்கு வரும் ஐயம் ஒன்றுதான்: என் செய்தி போகவில்லையா, அல்லது போய்ச் சேர்ந்து 'கிடைத்தது' என்ற பதில்தான் எனக்கு வரவில்லையா? வெளியில் இருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எத்தனை ஒப்புதல் மேல் ஒப்புதல் அனுப்பினாலும் இந்த ஐயம் முழுதாகத் தீராது என்பது கணினியியலில் நிறுவப்பட்ட முடிவு.

இதை நான் புத்தகத்தில் படித்ததோடு விட்டிருந்தேன். பிறகு ஒரு மனிதரை வருத்தித்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் ஒரு வியாபாரிக்கு இப்படி ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தேன். ஒரு நாள் காலை 62 கிலோ எடை போட்டு அனுப்பினார்கள். சர்வர் அதை எழுதிவிட்டது. பதில் வரும் வழியில் சிக்னல் போய்விட்டது. போனில் இருந்த செயலி, போகவில்லை என்று எண்ணி, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அனுப்பியது. பதிவு எண்ணைச் சர்வர்தான் கொடுக்கும்படி வைத்திருந்தேன். அதனால் அது இரண்டாவதற்கும் ஒரு புதிய எண்ணைக் கொடுத்து இன்னொரு 62 கிலோவாக எழுதிக்கொண்டது. மாதக் கடைசியில் கம்பெனிக்குப் போன சரக்கு கணக்கைவிட 62 கிலோ குறைந்தது. வண்டி ஓட்டியவர்மேல் சந்தேகம் போயிற்று. மூன்று நாள் அவரைக் கேள்வி கேட்டார்கள். நான் பதிவேட்டைத் தோண்டி இரண்டு வரிகளையும் எடுத்துக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். அவர் எதுவும் பேசாமல் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறிவிட்டு வண்டிக்குப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. தவறு என்னுடைய வடிவமைப்பில் இருந்தது.

திருத்தம் மிகச் சிறியது. பதிவு எண்ணைச் சர்வர் கொடுக்கக்கூடாது. எடை போடும் இடத்திலேயே, அனுப்புவதற்கு முன்பே, போன் கொடுக்க வேண்டும். இடம், கருவி எண், தொடர் எண் என்று சேர்த்து 'பாம்பன்-2-417' என்று ஒரு முறை வைத்தால் அது இன்னோர் இடத்தில் பிறக்க வழியில்லை. சர்வரில் உள்ள அட்டவணையில் அந்த எண் வரும் நிரலை (செங்குத்து வரிசையை), ஒரே எண் இருமுறை வராத தனித்தன்மை உடையதாக அறிவித்துவிடுங்கள். அதே எண் மறுபடி வந்தால், புதிதாக எழுதாமல் 'முன்பே கிடைத்தது' என்று மட்டும் பதில் சொல்லும். பிறகு செயலி பத்து முறை அனுப்பினாலும் கணக்கில் ஒரு வரிதான். யுபிஐயில் பணம் அனுப்பும்போது ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண் வருவதையும், நெட் தடுமாறும்போது தோல்வி என்று உடனே சொல்லாமல் 'நிலுவையில் உள்ளது' என்று காட்டுவதையும் பார்த்திருப்பீர்கள். அங்கும் சிக்கல் இதுதான். தரவுத்தளப் பாடத்தில் படித்த திறவுகோல், வலையமைப்புப் பாடத்தில் வரும் நோய்க்கு மருந்தாகிறது.

இப்போது கிளவுட் பற்றிய உங்கள் கேள்விக்கு வரலாம். எரிக் புரூவர் என்ற கணினியியல் அறிஞர் 2000ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். இரண்டு ஆண்டில் அது கணித முறையில் நிறுவப்பட்டது. இரண்டு இடங்களுக்கு இடையே தொடர்பு அறுந்துபோனால், இரண்டு இடத்திலும் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்று வேலையை நிறுத்த வேண்டும், அல்லது வேலையைத் தொடர்ந்துவிட்டுக் கணக்கைப் பிறகு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. எதை எங்கே தேர்ந்தெடுப்பது என்பது தொழில் தெரிந்தவர் எடுக்க வேண்டிய முடிவு. எடை போடுவது நிற்கக்கூடாது; நண்டு காத்திருக்காது, படகுக்காரரும் காத்திருக்கமாட்டார். அதனால் எடை முதலில் போனிலேயே பதியட்டும். ஆண்ட்ராய்டு போன்களில் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளம் ஏற்கெனவே இருக்கிறது. சிக்னல் வந்ததும் சர்வருக்கு ஏறட்டும். புதிதாக முன்பணம் கொடுப்பது அப்படியில்லை. ஒரே ஆள் காலையில் மண்டபத்திலும் பாம்பனிலும் முன்பணம் வாங்கினால் உங்கள் வரம்பு உடைந்துவிடும். அதற்கு மட்டும் நெட் வரும்வரை பொறுங்கள், இல்லையென்றால் அப்பாவுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். மொத்தத்தையும் கிளவுடில் மட்டும் வைத்தால், சிக்னல் இல்லாத காலையில் தராசு இருந்தும் எடை போட முடியாது. மொத்தத்தையும் போனில் மட்டும் வைத்தால், போன் கடலில் விழும் நாளில் கணக்கும் விழும்.

இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்துக்கொண்டால் போதாதா என்றும் கேட்பார்கள். வைத்துக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் இரண்டு நிறுவனங்களும் ஒரே டவரில் தங்கள் கருவிகளை மாட்டியிருக்கலாம். கண்ணாடி இழைகளும் ஒரே பள்ளத்தில் ஓடலாம். அதிலும் நம்முடையது தீவு. உள்ளே வரும் எந்தக் கம்பியும் கடலைத் தாண்டித்தான் வர வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் பாம்பன் ரயில் பாலத்தையும் உடைத்தது; அதைச் சரிசெய்ய 46 நாள் ஆயிற்று என்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இரண்டு வழி இருக்கிறது என்று எண்ணும்போது, அவை எந்த இடத்தில் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்க வேண்டும்.

பேக்கப் பற்றி நீட்டாமல் சொல்கிறேன். ஒரு பிரதி சர்வரில், ஒன்று வீட்டில், ஒன்று தீவுக்கு வெளியே உறவினர் வீட்டில் இருக்கட்டும். உப்புக்காற்று ஹார்ட் டிஸ்க்கைத் தின்றுவிடும். மாதம் ஒருமுறை அந்தப் பிரதிகளில் இருந்து கணக்கை உண்மையாகவே மீட்டெடுத்துப் பாருங்கள். எடை போடும் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் கொடுங்கள். பெயர்களை யூனிகோடில் மட்டும் எழுதுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் திரையில் சரியாகத் தெரிந்தாலும் தேடும்போது கிடைக்காது.

தொடங்குவதற்கு ஏற்ற காலம் மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகு வரவு மட்டும் இருக்கும். அந்த நாட்களில் ஆள், படகு, உடைமை, எடை, பணம் என்ற ஐந்து அட்டவணைகளையும் அமைத்து, பழைய நோட்டுகளில் உள்ள முன்பண பாக்கிகளை ஒவ்வொருவரையும் நேரில் கேட்டு ஒப்புக்கொள்ளச் செய்து முதல் வரியாக ஏற்றுங்கள். விசைப்படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பும் முதல் நாளில் இருந்து போனிலும் பதியுங்கள், நோட்டிலும் எழுதுங்கள். தினமும் இரவில் இரண்டு மொத்தமும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஒத்துவராத நாளின் நோட்டுப் பக்கத்தையும், போனில் உள்ள பதிவு எண்களையும் எனக்கு அனுப்புங்கள். எங்கே பிசகியது என்று சேர்ந்து பார்ப்போம்.